கத்தி, ஸ்டூல், இடுப்பு பெல்ட்: கடை ஊழியர்களின் காயத்தைக் குறைக்க எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

பெரிய கடையோ சின்னக் கடையோ, ஊழியர்கள் காயப்படும் விதங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது கை வெட்டுப்படும். மேல் தட்டில் சரக்கு அடுக்கும்போது தவறி விழுவார்கள். சுமை தூக்கி இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஈரத் தரையில் கால் வழுக்கும். பில் போடும் இடத்தில் மணிக்கணக்காக நின்று குதிகாலும் முட்டியும் வீங்கும். இவற்றைத் தடுக்கும் என்று சொல்லி விற்கப்படும் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் சில, வேலை நடக்கும் விதத்தையே மாற்றுகின்றன. மற்றவை, வேலையை அப்படியே விட்டுவிட்டு, வேலை செய்பவரின் உடம்பில் எதையாவது மாட்டிவிடுகின்றன. கடை நிர்வாகங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான் முதலில் வாங்குகின்றன. அது தலைகீழான வரிசை என்பதே இந்த மதிப்பீட்டின் முடிவு. காரணங்களைப் பொருள்வாரியாகப் பார்க்கலாம்.

பெட்டி பிரிக்கும் கத்தி

இங்கிருந்து தொடங்க வேண்டியதற்குக் காரணம், கடையில் நாள் முழுக்க எல்லோர் கையிலும் புழங்கும் ஒரே ஆயுதம் இதுதான். பெரும்பாலான கடைகளில் இன்னும் இருப்பது துண்டு துண்டாக ஒடித்துப் போடும் பிளேடு கொண்ட கட்டர். பின்னாளில் ஓல்ஃபா நிறுவனத்தைத் தொடங்கிய யோஷியோ ஒகாடா 1956-இல் ஜப்பானில் உருவாக்கிய வடிவம் அது. காகிதம், தாள், ஸ்டிக்கர் வெட்டும் மேசை வேலைக்கு இன்றைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சரக்குப் பெட்டி பிரிக்கும் வேலைக்கு அது பொருத்தமே இல்லாத கருவி. தானாக உள்ளே போகாது என்பது முதல் குறை. வெட்டிவிட்டுப் பெட்டி மேல் அப்படியே வைப்பார்கள், சட்டைப் பையில் போடுவார்கள், அடுத்தவர் எடுக்கும்போது விரல் போகும். இரண்டாவது குறை, பிளேடை ஒரு சாண் வெளியே இழுத்து வைத்து வெட்டும் பழக்கம். பிளேடில் ஒடிப்பதற்காகவே கோடு போட்டிருக்கிறது. பக்கவாட்டில் கொஞ்சம் திருகினால் அந்தக் கோட்டில் ஒடிந்து துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும்.

காயம் எப்படி நேர்கிறது என்று பார்த்தால் எந்தக் கத்தி வேண்டும் என்பது தானாகப் புரியும். வெட்டுகிற கை அரிதாகத்தான் காயப்படுகிறது. பெட்டியை அழுத்திப் பிடித்திருக்கும் மற்றக் கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அடிவாங்குகின்றன. அடுத்தது தொடை. பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வெட்டும்போது டேப் முடிந்ததும் தடை சட்டென்று விலகும். அழுத்தின வேகத்தில் கத்தி உடம்பை நோக்கிப் பாயும். மொட்டைப் பிளேடு இதை இன்னும் மோசமாக்குகிறது, ஏனென்றால் அதற்கு அழுத்தம் அதிகம் தேவை, விலகும்போது பாய்ச்சலும் அதிகம். ஆக, டேப்பை விட்டு விலகிய அந்த நொடியில் பிளேடு உள்ளே போயிருக்க வேண்டும். நல்ல பாதுகாப்புக் கத்தி செய்வது இந்த ஒன்றைத்தான்.

ஜெர்மனியின் சோலிங்கனில் இருக்கும் மார்டோர் நிறுவனம் தன் கத்திகளை மூன்று குடும்பமாகப் பிரித்திருக்கிறது. மற்ற நிறுவனங்களின் கத்திகளையும் இந்த மூன்று பெட்டிக்குள் அடக்கிவிடலாம் என்பதால் அந்தப் பிரிவையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வகை செக்யூநார்ம். விசையைப் பெருவிரலால் தள்ளினால் பிளேடு வெளியே வரும். பிளேடு அட்டையில் இறங்கியதும் பெருவிரலை எடுத்துவிட வேண்டும். வெட்டும் அழுத்தமே பிளேடை வெளியே நிறுத்தி வைக்கும். அட்டையை விட்டு விலகியதும் ஸ்பிரிங் உள்ளே இழுத்துவிடும். நம்பகமான அமைப்பு, உதிரியும் குறைவு. குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: பெருவிரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடியே வெட்டினால் இது சாதாரணக் கத்திதான். பழைய கட்டரில் பழகிய கை விசையை விடாது. கத்தியைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லி, பத்துப் பெட்டியாவது பக்கத்தில் நின்று வெட்டவைத்துப் பார்க்காத கடையில் இந்தக் கத்திக்குக் கொடுத்த காசு பாதி வீண்.

இரண்டாவது, செக்யூப்ரோ. இதில் பிடியை அழுத்திக்கொண்டே இருந்தாலும், பிளேடு பொருளை விட்டு விலகியதும் உள்ளே போய்விடும். மறுபடி வெட்ட, பிடியை விட்டு மீண்டும் அழுத்த வேண்டும். ஊழியரின் பழக்கத்தை நம்பியிருக்காத கத்தி இது. புதியவர்கள் அடிக்கடி வந்து போகும் கடைகளுக்கும், பண்டிகைக் காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் கடைகளுக்கும் எங்கள் முதல் தேர்வு இதுவே. சங்கடம் என்னவென்றால், பெட்டியின் மூன்று பக்கத்தையும் ஒரே இழுப்பில் வெட்டிப் பழகியவர்களுக்கு ஒவ்வொரு மூலையிலும் பிளேடு உள்ளே போவது எரிச்சலைத் தரும். சில கடைகளில் பிளேடு உள்ளே போகாதபடி டேப் சுற்றி வைத்திருப்பதைக் காணலாம். அப்படி ஒரு கத்தி கண்ணில் பட்டால் ஊழியரைத் திட்டுவதில் பயனில்லை. அந்த வேலைக்கு அந்த மாடல் சரியில்லை என்பதே அதன் பொருள். ஸ்பிரிங் இறுகியிருக்கலாம், பிடி சின்னக் கைக்குப் பெரிதாக இருக்கலாம், பிளேடு மழுங்கியிருக்கலாம்.

மூன்றாவது, செக்யூமேக்ஸ். பிளேடு கொக்கி போன்ற வாய்க்குள் மறைந்திருக்கும், விரல் போகாது. பாலட் எனும் சரக்கு அடுக்கும் மரத்தட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் படலம், டேப், பிளாஸ்டிக் பட்டை ஆகியவற்றுக்கு அருமை. உள்ளே இருக்கும் சரக்கையும் கிழிக்காது என்பதால் துணிக்கடைகளுக்கு இது இரட்டை லாபம். தடித்த அட்டைக்கு மட்டும் ஒத்துவராது. ஒற்றை நெளி அட்டை 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை தடிமன். இரட்டை நெளி அட்டை 6 அல்லது 7 மில்லிமீட்டரைத் தொடும். வாய் குறுகலான கத்தி இரட்டை அட்டையில் சிக்கிக்கொள்ளும், ஊழியர் பலம் கொண்டு இழுப்பார், தோள்பட்டைக்கு வலி வரும். வாங்கும் முன் உங்கள் கடைக்கு வரும் பெட்டிகளிலேயே தடித்ததில் வெட்டிப் பாருங்கள்.

ஸ்லைஸ் நிறுவனத்தின் பீங்கான் பிளேடைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிளேடு சிர்க்கோனியம் ஆக்சைடால் ஆனது. துருப்பிடிக்காது, எஃகைவிட வெகு காலம் கூர்மை தாங்கும், விளிம்பைத் தடிமனாகத் தீட்டியிருப்பதால் லேசாகப் பட்டால் தோல் கிழியாது. அழுத்தி இழுத்தால் கிழிக்கத்தான் செய்யும். விரலால் தடவிக் காட்டும் விளம்பரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிளேடை மாற்றும் தடவைகள் குறைவதுதான் இதன் உண்மையான லாபம், ஏனென்றால் பிளேடு மாற்றும்போதே நிறையப் பேர் வெட்டிக்கொள்கிறார்கள். பலவீனம், திருகினால் ஒடியும். ஆணி நெம்ப, மூடி திறக்க என்று கத்தியைப் பயன்படுத்தும் கடையில் ஒரு வாரம் தாங்காது. உணவுப் பிரிவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒடிந்த பீங்கான் துண்டை உலோகம் கண்டறியும் கருவி காட்டாது.

எந்தக் கத்தியானாலும் சில அம்சங்களைப் பார்த்து வாங்குங்கள். நிறம் பளிச்சென்று ஆரஞ்சோ மஞ்சளோ இருக்க வேண்டும். கறுப்புக் கத்தி பெட்டிக்குள் சரக்கோடு தட்டுக்குப் போய், வாடிக்கையாளரின் குழந்தை கைக்குப் போகும். ஸ்குரூ டிரைவர் இல்லாமல் பிளேடு மாற்ற முடிய வேண்டும். முடியாவிட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள், மொட்டைப் பிளேடோடு மாதங்கள் ஓடும். இரு முனையும் கூரான பிளேடு என்றால் திருப்பிப் போட்டு இரட்டிப்பு காலம் ஓட்டலாம். இடது கைக்காரர்களுக்கும் விசை எட்ட வேண்டும். பல கத்திகளின் பின்பக்கம் மொட்டையான ஒரு முனை இருக்கும். அது டேப்பைக் கிழிக்கத்தான். இரண்டு மடிப்புக்கு நடுவே உள்ள இடைவெளியில் அந்த முனையை ஓட்டினால் பெட்டியின் பெரும்பகுதி பிளேடே இல்லாமல் திறந்துகொள்ளும். அது இருப்பது தெரியாமலேயே வருடக்கணக்கில் அந்தக் கத்தியைப் பயன்படுத்துபவர்கள் உண்டு.

கத்தியோடு சேர்த்தே இரண்டு சின்னப் பொருள் வாங்க வேண்டும்: இடுப்பில் மாட்டும் உறை ஒன்று ஆளுக்கு, பழைய பிளேடு போடும் மூடிய டப்பா ஒன்று குடோனுக்கு. பழைய பிளேடைக் குப்பைக்கூடையில் போட்டால் காயம் நின்றுவிடவில்லை, துப்புரவுப் பணியாளரின் கைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இரும்புப் பட்டை கட்டிய சரக்கு வரும் கடை என்றால் பட்டை வெட்டும் கத்தரியும் தேவை. இறுக்கிக் கட்டிய பட்டை அறுந்ததும் சுருண்டு முகத்தை நோக்கி அடிக்கும். பட்டையின் நேர்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நின்று, கண்ணாடி அணிந்து வெட்ட வேண்டும். கத்தியால் இரும்புப் பட்டையைத் தொடவே கூடாது.

ஏறி நிற்கும் ஸ்டூல்

கடைகளில் விழுபவர்கள் பெரும்பாலும் உயரமான ஏணியிலிருந்து விழுவதில்லை. காலிப் பிளாஸ்டிக் கூடை, கவிழ்த்த பெட்டி, அலமாரியின் கீழ்த் தட்டு, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி ஆகியவற்றின் மேல் ஏறித்தான் விழுகிறார்கள். ஸ்டூல் இல்லாததால் அல்ல; அது நான்கு வரிசை தள்ளி இருப்பதால். ஒரே ஒரு பொருளை எடுக்க யாரும் அவ்வளவு தூரம் நடந்து போய் எடுத்து வர மாட்டார்கள். எனவே ஒரே ஒரு விலையுயர்ந்த ஸ்டூலைவிட, சுமாரான விலையில் இரண்டு வரிசைக்கு ஒன்று என்று வாங்குவது பலனளிக்கும்.

உருண்டையான, மூன்று சக்கரம் வைத்த உதைஸ்டூல் கடைக்கென்றே பிறந்தது. காலால் தள்ளினால் உருளும். மேலே ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி, சக்கரம் உள்ளே போய், அடி வளையம் தரையைக் கவ்விக்கொள்ளும். இரண்டு கையிலும் சரக்கு இருக்கும்போதுகூட காலாலேயே நகர்த்தலாம். உயரம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அதற்கு மேல் எட்ட வேண்டிய தட்டுகளுக்குக் கைப்பிடியுள்ள இரண்டு, மூன்று படி ஸ்டூல் வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 14183 ஒரு மீட்டர் உயரம் வரையிலான படிஸ்டூல்களுக்கானது. அந்த முத்திரை 150 கிலோ எடை தாங்கும் என்பதைக் குறிக்கும். ஊழியரின் எடையோடு கையில் இருக்கும் பெட்டியின் எடையும் அதில் சேர்ந்தது.

உதைஸ்டூலில் எது கெடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். டேப் துண்டும் பிளாஸ்டிக் இழையும் சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு, சக்கரம் முழுதாக உள்ளே போகாமல் நிற்கும். அப்போது ஏறினால் ஸ்டூல் நழுவும். அடி வளையத்தின் ரப்பர் காய்ந்து இறுகினால் வழவழப்பான டைல்ஸ் தரையில் பிடிப்பு போய்விடும். இன்னொரு சிக்கல் யாரும் கவனிக்காதது: ஸ்பிரிங் மிக இறுக்கமான மாடல்களில், எடை குறைந்த ஊழியர் ஏறும்போது வளையம் தரையைத் தொடாமலே இருக்கலாம். உங்கள் கடையில் மிக மெலிந்தவர் யாரோ அவரை ஒரு காலை வைத்து அழுத்தச் சொல்லிப் பாருங்கள். வளையத்துக்கும் தரைக்கும் நடுவே காகிதம் நுழைந்தால் அந்த மாடல் வேண்டாம்.

ஸ்டூல் மீது நின்று இரண்டு கையாலும் பெரிய பெட்டியை இறக்குவது எந்த ஸ்டூலிலும் ஆபத்துதான். கனமான சரக்கை முட்டிக்கும் தோளுக்கும் நடுவிலான தட்டுகளில் வைத்துவிட்டு, டிஷ்யூ காகிதம், பஞ்சு போன்ற இலேசானவற்றை மேலே ஏற்றினால் ஸ்டூலின் வேலையே பாதி குறைந்துவிடும்.

இடுப்பு பெல்ட்: வாங்காதீர்கள்

சுமை தூக்குபவர்களுக்கென்று அகலமான எலாஸ்டிக் பெல்ட் விற்கிறார்கள். பல கடைகளில் சீருடையின் பகுதியாகவே ஆகிவிட்டது. நிர்வாகம் அக்கறை காட்டுகிறது என்ற தோற்றத்தைத் தருவதில் இதற்கு ஈடில்லை. முதுகைக் காப்பதில் இதனால் பயன் இல்லை.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. நியோஷ் என்று அழைக்கப்படும் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், காயப்படாத ஊழியர்களுக்கு பெல்ட் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று 1994-லேயே சொல்லிவிட்டது. பிறகு கடை ஊழியர்களையே வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. புதிதாகத் திறந்த 160 கடைகள், 9,377 ஊழியர்கள், இரண்டு ஆண்டுகள். முடிவு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2000 டிசம்பரில் வெளிவந்தது. தினமும் பெல்ட் அணிந்தவர்களில் முதுகுவலி சொன்னவர்கள் 17.1 சதவீதம், அணியாதவர்கள் அல்லது மாதத்தில் ஓரிரு முறை மட்டும் அணிந்தவர்களில் 17.5 சதவீதம். இழப்பீடு கேட்ட முதுகுக் காயங்களிலும் பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. கடை வேலைக்கென்றே இவ்வளவு நேரடியாகப் பதில் கிடைத்திருக்கும்போது, அந்தக் காசை பெல்ட்டில் போடுவதற்கு நியாயமே கிடையாது.

ஏன் பலிக்கவில்லை என்பதும் புரியாத விஷயம் அல்ல. இடுப்பின் மேல் விழும் பாரத்தைத் தீர்மானிப்பது பெட்டியின் எடை மட்டும் அல்ல. உடம்பிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்த உயரத்திலிருந்து எடுக்கிறோம், எவ்வளவு திரும்புகிறோம் என்பவையும்தான். நியோஷின் தூக்கும் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே சாதகமாக இருந்தால் அது அனுமதிக்கும் உச்ச எடை 23 கிலோ. சாதகம் என்றால், பெட்டி கணுக்கால்களின் நடுப்புள்ளியிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், நேர் எதிரே இருப்பது. பெட்டி 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 23 பாதியாகி 11.5 கிலோ ஆகிவிடும். அதே பெட்டியைத் தரை மட்டத்திலிருந்து எடுத்தால் மேலும் 0.775-ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 8.9 கிலோ. எடுக்கும்போது 90 பாகை திரும்பினால் இன்னும் 0.71; 6.3 கிலோதான் மிச்சம். பாலட்டின் தூரத்து மூலையில், அடி வரிசையில் இருக்கும் 15 கிலோ சலவைத்தூள் பெட்டியைக் குனிந்து, கை நீட்டி, திரும்பி எடுக்கும் ஊழியரிடம் இந்தக் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். இரு மடங்குக்கும் மேல் தூக்குகிறார். பெல்ட் இந்த எண்களில் ஒன்றைக்கூட மாற்றுவதில்லை.

அந்தக் காசில் டிராலி வாங்குங்கள்

எண்களை மாற்றுவது ஸ்பிரிங் தட்டு வைத்த டிராலி. பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கத் தட்டு தானாக மேலே எழும்பிவரும். எடுக்கும் உயரம் எப்போதும் இடுப்பை ஒட்டியே இருக்கும். குனிவது போய்விடுகிறது, டிராலியைச் சுற்றி வர முடிவதால் கை நீட்டுவதும் போய்விடுகிறது. கவனிக்க வேண்டியது ஸ்பிரிங்கின் பலம். 150 கிலோவுக்கு என்று அமைத்த டிராலியில் 40 கிலோ பிஸ்கட் பெட்டிகளை ஏற்றினால் தட்டு இறங்கவே இறங்காது. சரக்கு மார்பளவில் குவிந்து, சரியும் அபாயம் வந்துவிடும். ஸ்பிரிங்குகளில் சிலவற்றைக் கழற்றி, மாட்டிப் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் மாடலையே வாங்குங்கள்.

அவ்வளவு செலவழிக்க முடியாதா? இரண்டு காலிப் பாலட்டை அடுக்கி அதன் மேல் சரக்குப் பாலட்டை வைப்பதே அடி வரிசையை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயர்த்தும். அதன்பின் மேல் வரிசை தோளுக்கு மேல் போகாதபடி குறைவாக அடுக்க வேண்டும். செலவே இல்லாத வழி, பெல்ட்டைவிட நிச்சயமாகப் பலன் தருவது.

எந்த டிராலிக்கும் உயிர் சக்கரத்தில் இருக்கிறது. 75 மில்லிமீட்டர் சக்கரம் லிஃப்ட் வாசலின் இடுக்கில் மாட்டும். மாட்டியதும் ஊழியர் உலுக்கி இழுப்பார், முதுகு அங்கேதான் பிடிக்கும். 125 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் தாண்டிப் போய்விடும். நீண்ட நேர் வழியில் ஓட்ட இரண்டு நிலைச் சக்கரம், இரண்டு திரும்பும் சக்கரம். குறுகிய வரிசைகளுக்கு நான்குமே திரும்பும் சக்கரம்.

கம்பிக்கூண்டு டிராலி புழங்கும் கடைகளில் ஆபத்து வேறு மாதிரி. சரக்கு கண் மட்டத்துக்கு மேல் இருந்தால் முன்னே யார் நிற்கிறார் என்று தெரியாது. இரண்டு கூண்டை ஒரே நேரத்தில் இழுத்தால் நடுவில் விரல் நசுங்கும். சாயத் தொடங்கிய கூண்டைத் தாங்கிப் பிடிக்கப் போகவே கூடாது. விட்டுவிட்டு விலக வேண்டும். சரக்கு போனால் போகட்டும்.

செருப்பும் தரையும்

கூண்டும் பாலட் டிரக்கும் ஓட்டுபவர்களுக்கு விரல் மூடி வைத்த ஷூ கட்டாயம். பாதுகாப்பு ஷூக்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 20345-இன் முத்திரை இருந்தால் விரல் மூடி 200 ஜூல் அடியைத் தாங்கும். பில் போடுபவர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் அது தேவையற்ற பாரம். மூடி இல்லாத ஐ.எஸ்.ஓ. 20347 போதும். வழுக்காத தன்மைக்குப் பழைய ஷூக்களில் எஸ்.ஆர்.சி. என்ற குறி இருக்கும்: சோப்பு நீர் தடவிய பீங்கான் டைல்ஸிலும் கிளிசரின் தடவிய எஃகுத் தரையிலும் தேறியது என்று பொருள். 2022-இல் திருத்திய தரத்தில் அந்தக் குறிகள் போய்விட்டன. டைல்ஸ் சோதனை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆகிவிட்டது. கிளிசரின் தடவிய டைல்ஸிலும் தேறியதற்கு எஸ்.ஆர். என்ற குறி மட்டும் கூடுதலாக வரும். மீன், இறைச்சி, எண்ணெய் விற்கும் பகுதியில் நிற்பவர்களுக்கு இந்த எஸ்.ஆர். குறியைத் தேடி வாங்குங்கள்.

ஷூ சரியாக இருந்தும் வழுக்குகிறது என்றால் துடைக்கும் நீரைப் பாருங்கள். திரவத்தைத் தாராளமாக ஊற்றித் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் ஒரு முறை துடைக்காமல் விட்டால், காய்ந்த சோப்புப் படலம் தரையில் தங்கும். அடுத்து ஒரு சொட்டு ஈரம் பட்டதும் அது மறுபடி சோப்புதான். அளவு மூடி கொண்ட திரவப் புட்டி ஒன்று வாங்குவது பத்து ஜோடி ஷூ வாங்குவதற்குச் சமம். மஞ்சள் எச்சரிக்கைப் பலகையைப் பொறுத்தவரை, ஈரம் காய்ந்த பின்னும் அது நின்றுகொண்டே இருந்தால் இரண்டாம் நாளிலிருந்து யார் கண்ணிலும் படாது.

நிற்பவர்களுக்கான பாய்

களைப்பு குறைக்கும் பாய் நல்ல பொருள், தேர்ந்தெடுத்தால். மெத்தென்று இருக்க வேண்டும் என்று நினைத்து நுரைப் பாயை வாங்கிவிடுகிறார்கள். மிக மென்மையான பாயில் உடம்பு சமநிலைக்காக ஓயாமல் போராடும், கணுக்கால் சீக்கிரம் களைக்கும். சில மாதங்களில் நிற்கும் இடம் குழிந்து குதிகால் தரையைத் தொட்டுவிடும். 12 முதல் 20 மில்லிமீட்டர் தடிமனில், அழுத்தினால் அமுங்கி உடனே எழும்பும் ரப்பரோ பாலியூரித்தேனோ நல்லது. பெருவிரலால் முழுப் பலத்தோடு அழுத்துங்கள். தரை தட்டினால் வேண்டாம். ஓரம் சரிவாக இருக்க வேண்டும், மூலை சுருளக் கூடாது. சுருண்ட மூலையே தடுக்கி விழச் செய்யும். அளவு சின்னதாக வாங்கினால் ஒரு கால் பாயிலும் ஒரு கால் தரையிலும் நிற்பார்கள், அது பாயே இல்லாததைவிடக் கெடுதல்.

பாய் உட்காருவதற்கு மாற்று அல்ல. 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கால் வைக்கும் கம்பியும், சாய்ந்து உட்காரும் உயர ஸ்டூலும் சேர்ந்தால்தான் பில் போடும் இடம் முழுமை. அங்கே கையடக்க ஸ்கேனரும் ஒன்று வேண்டும். பெரிய தண்ணீர் கேன், மாவு மூட்டை போன்றவற்றை வாடிக்கையாளரின் வண்டியில் இருந்தபடியே ஸ்கேன் செய்யலாம். ஒரு நாளைக்குப் பல நூறு கிலோவைத் தூக்கித் திருப்பும் மணிக்கட்டுக்கு, அந்தச் சின்னக் கருவி தரும் ஓய்வு பெரியது.

கையுறை

கத்தியை மாற்றிய பிறகும் தேவைப்படும் இடங்கள் உண்டு: உடைந்த கண்ணாடி, கூரான உலோக அலமாரி, இறைச்சி வெட்டும் இயந்திரத்தைக் கழுவுவது. கையுறையில் அச்சிட்டிருக்கும், இ.என். 388 என்ற ஐரோப்பியத் தரத்தின் படத்தின் கீழ் நான்கு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். பார்க்க வேண்டியது எழுத்தை. ஏ முதல் எஃப் வரை வெட்டைத் தாங்கும் பலம் கூடும். ஏ என்றால் 2 நியூட்டன், சி 10, எஃப் 30. பெட்டி கையாள பி அல்லது சி போதும், கண்ணாடிக்கு டி-க்குக் குறையாமல். வெட்டைத் தாங்கும் கையுறை குத்தலைத் தாங்காது. கூர்முனை பின்னல் இழைகளுக்கு நடுவே புகுந்துவிடும். ஓடும் இயந்திரத்துக்கு அருகே எந்தக் கையுறையும் கூடாது, பிடித்தால் கையோடு இழுக்கும். வெட்டும் இயந்திரத்தைக் கழுவும் முன் மின் இணைப்பைப் பிடுங்கி, தடிமன் அளவைச் சுழிக்குக் கொண்டுவந்து, பிறகே கை வைக்க வேண்டும்.

எல்லோருக்கும் 9-ஆம் அளவு என்று மொத்தமாக வாங்கும் கடைகளில் பாதிக் கையுறைகள் மேசை இழுப்பறையில் தூங்குகின்றன. அளவு எண் என்பது உள்ளங்கைச் சுற்றளவின் அங்குலக் கணக்குதான்: 7 என்றால் 178 மில்லிமீட்டர், 8 என்றால் 203, 9 என்றால் 229, 10 என்றால் 254. பெருவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடி மூட்டை ஒட்டி டேப் சுற்றி அளந்து, ஒவ்வொருவரின் எண்ணையும் குறித்துக்கொண்ட பிறகு ஆர்டர் போடுங்கள்.